மாத்திரை அட்டையில் ஒரு சிவப்புக் கோடு
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



மழைக்காலம் வந்தால் நம் வாட்ஸ்அப் குழுவில் கொசுப் புகாருக்கு அடுத்தபடி வருவது இந்தக் கேள்விதான்: "மூணு நாளா காய்ச்சல், தொண்டை வலி. யார்கிட்டயாவது அசித்ரோமைசின் இருக்கா?" ஐந்து நிமிடத்தில் இரண்டு வீட்டிலிருந்து பதில் வந்துவிடும். நல்ல மனசுதான். ஆனால் கேட்டதும் கொடுக்க இது கறிவேப்பிலை இல்லையே!

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்துப் பாருங்கள். செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று அதற்குப் பொருள். 2016-ல் மத்திய அரசு இதற்காகவே விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்தியது. அதற்கு முன்பே, 2014 மார்ச் 1 முதல், 'அட்டவணை எச்1' அமலில் இருக்கிறது. செஃபிக்ஸைம் போன்றவற்றை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அசித்ரோமைசின் பழைய 'அட்டவணை எச்'-இல் வருகிறது. அதற்கும் சீட்டு கட்டாயம். உங்களிடம் கடைசியாக எந்தக் கடையில் சீட்டு கேட்டார்கள்? கேரளத்தில் 2024-ல் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் கடைகளில் திடீர்ச் சோதனையே நடத்தினார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கண்டிப்பு இங்கும் வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸ். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். நான்காம் நாள் காய்ச்சல் தானாக இறங்கும், பெயர் மாத்திரைக்குப் போகும். ஆனால் குடலுக்குள் வேறொரு வேலை நடந்திருக்கும். மருந்துக்கு மசிகிற பாக்டீரியா செத்து, மசியாதது அந்த இடத்தைப் பிடித்துப் பெருகும். தன் எதிர்ப்பு மரபணுவை வேறு இன பாக்டீரியாவுக்கும் கைமாற்றும். கை, தண்ணீர், கழிப்பறை வழியே வீட்டில் மற்றவருக்கும் அது போகும். நாளை முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போகும் தாத்தாவும், குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையும் நம்பியிருப்பது இதே மருந்துகளைத்தான்.

2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தார்கள் என்று 2022-ல் லான்செட் ஆய்வு மதிப்பிட்டது. இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. கார்பபெனெம் என்ற வலுவான மருந்தையே செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 பற்றிய 2010-ம் ஆண்டு ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன.

"கோர்ஸை முழுசா முடிக்கணுமே?" என்பீர்கள். எத்தனை நாள் என்பதிலும் ஆராய்ச்சி நகர்ந்திருக்கிறது. ரத்தத்தில் பாக்டீரியா தொற்றிய 3,600-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 'பேலன்ஸ்' ஆய்வு 2024-ல் வெளியானது. ஏழு நாள் சிகிச்சை, பதினான்கு நாள் சிகிச்சைக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில தொற்றுகளை அதில் சேர்க்கவில்லை. ஆகவே நாள் கணக்கு மருத்துவருடையது. நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

அடுத்த முறை சீட்டில் ஆன்டிபயாடிக் இருந்தால், "டாக்டர், இது பாக்டீரியாவா? டெஸ்ட் எடுக்கணுமா? எத்தனை நாள்?" என்று கேளுங்கள். மூச்சுத் திணறலோ, குழப்பமோ, குறையாத காய்ச்சலோ இருந்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.