டாக்டர் சுப்பாராவின் ஆராய்ச்சி ஏடுகள்

(ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தங்கவயற் சுரங்கங்கள் இயங்கிய நாளில், நம் பேத்தமங்களா ஏரியின் நீர் குழாய்வழிச் சென்று அங்குள்ளோர் தாகம் தீர்த்தது. குடித்தவருள் எத்துணைப் பேர் ஏரியை நினைத்திருப்பர்? இன்று யாம் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியாளர் கதையும் ஏறத்தாழ அத்தகையதே.

நம் குடியிருப்புப் பெண்ணொருத்தி வெளியூரில் மருத்துவ ஆராய்ச்சி பயில்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தவள், மூன்றாண்டு உழைத்து உருவான கட்டுரையில் தன் பெயர் கடைசி வரிசையில் அச்சாகியிருப்பதைக் காட்டிக் கலங்கினாள். "முதற்பெயரைத்தானே மாமா உலகம் பார்க்கும்? விட்டுவிடலாம் போலிருக்கிறது" என்றாள். பார்சல் பதிவேட்டில் அனுப்புநர், பெறுநர் பெயர்களை எழுதியே காலங்கழிக்கும் எமக்கு உடனே விடை தோன்றவில்லை. பின்னர் படித்தறிந்ததையே இங்குச் சொல்ல வந்தோம்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் தெலுங்கு நாட்டுப் பீமவரத்திற் பிறந்தவர். மெட்ரிகுலேசன் தேர்வில் மூன்றாம் முறைதான், அதுவும் சென்னைக்கு வந்து இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்றுதான், தேறினார். (ஒரே முறையில் தேறிய யாம் இருப்புப்பாதை அலுவலகத்தில் இருக்கிறோம், அது கிடக்கட்டும்.) சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்து சென்றமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரடைந்து, மருத்துவமனையில் இரவுநேர எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வார்டிற் பயின்றார்.

அங்குச் சைரஸ் ஃபிஸ்கே என்பாருடன் சேர்ந்து 1925-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையைக் கூறுவது. மருந்து சேர்த்தவுடன் நீலநிறம் தோன்றும். நீலத்தின் அடர்த்தியே அளவைக் காட்டும். அவ்வளவு எளிது! ஓர் ஆராய்ச்சியாளர் தம் கட்டுரையில் முன்னோர் கட்டுரையைச் சான்றாகக் காட்டுவதை மேற்கோள் என்பர். அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1960-களில் இம்மேற்கோள்களைத் தொகுத்து எண்ணத் தொடங்கினார். அக்கணக்கில் இக்கட்டுரை பதினாயிரத்திற்கும் மேற்பட்ட மேற்கோள்கள் பெற்று முன்வரிசையில் நின்றது.

அதே முறையைக் கொண்டே அவ்விருவரும் 1927-இல் தசையில் பாஸ்போகிரியாட்டினையும், 1929-இல் உயிரணுக்களின் ஆற்றலுக்கு அடிப்படையான ஏ.டி.பி.யையும் கண்டறிந்தனர். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மானியர் லோமனும் தனித்துக் கண்டார். ஆயின் கூட்டுறவு என்பது எப்போதும் இனிப்பதன்று. ஃபிஸ்கேயின் பொறாமையால் சுப்பாராவின் சில முடிவுகள் அச்சேறாமற் போயின, அவற்றைப் பிறர் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்று, உடன் பணிபுரிந்தவரும் 1988-இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் கூறியுள்ளார்.

1940-இல் சுப்பாராவ் லெடர்லி மருந்து ஆய்வுக்கூடம் சென்றார். போலிக் அமிலத்தின் அமைப்பையும் ஆக்கத்தையும் விளக்கும் 1946-ஆம் ஆண்டுக் கட்டுரையில் பதினாறு பெயர்கள் உள்ளன. குழுவை வழிநடத்திய அவர் பெயர் ஏழாவது! யானைக்கால் நோய்க்குரிய டைஎத்தில்கார்பமசீனும் அவ்வாய்வுக்கூடத்தினின்றே வந்தது. அவர் குழு ஆக்கிய அமினாப்டெரினைச் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுற்ற பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துப் பேர் சிறிது காலம் தேறினர். 1948 சூனில் வந்த அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் பெயரே இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். அமினாப்டெரினின் உடன்பிறப்பான மெதோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுநோய்க்கும் வழங்கப்படுகிறது. அதை எழுதித்தரும் மருத்துவர் யாரையும் மேற்கோள் காட்டுவதில்லை. அந்தப் பயனை எந்தக் கணக்கிலும் எழுதுவதற்கில்லை.

இவற்றையெல்லாம் அப்பெண்ணுக்குக் கடிதமாக எழுதினோம். சென்ற மாதம் விடை வந்தது. ஃபிஸ்கே-சுப்பாராவ் முறையைத் தான் கல்லூரியில் பலமுறை செய்து நீலநிறம் கண்டதாகவும், சுப்பாராவ் என்பவர் யாரென்று ஒருநாளும் கேட்டதில்லை என்றும் எழுதியிருந்தாள். ஆராய்ச்சியை விடுவது பற்றி அதில் ஒன்றுமில்லை. அடுத்த கட்டுரைக்கான சோதனை தொடங்கிவிட்டதாம்.