பாட்டியிடமே கேளுங்கள்



மருத்துவமனையோ, சமூக நலத் துறையோ, ஆய்வுக்கூடமோ, இன்று பட்டம் பெறும் நீங்கள் எங்கே வேலைக்குப் போனாலும் ஒருநாள் உங்கள் கையில் ஒரு கணக்கெடுப்புப் படிவம் இருக்கும். அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் மின்தூக்கி வரை கேட்கிறது. "காதுக்கருவி வேணுமா பாட்டி?" என்றால், "எனக்கெதுக்குய்யா, வயசானா அப்படித்தான்" என்பார். நீங்களும் 'தேவையில்லை' கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த கதவைத் தட்டுவீர்கள். முதியோர் விகிதம் உயர்ந்த மாநிலங்களில் பினாங்கும் ஒன்று. இப்படி எத்தனை கதவுகள்!

துணைக்கருவித் தேவையை அறிய உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் துரித ஆய்வுப் படிவம் எடுத்த எடுப்பில் கருவியைப் பற்றிக் கேட்பதில்லை. கருவி இல்லாமல் பார்க்க, கேட்க, நடக்க எவ்வளவு சிரமம் என்று தொடங்குகிறது. பிறகுதான் எதைப் பயன்படுத்துகிறீர்கள், எங்கே வாங்கினீர்கள், யார் பணம் கொடுத்தார்கள், எவ்வளவு தூரம் போனீர்கள் என்ற கேள்விகள். 35 நாடுகளில் வீடு வீடாகக் கேட்டார்கள். யுனிசெஃப்புடன் சேர்ந்து 2022 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவது ஒரு துணைக்கருவி தேவை. ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை. தேவைப்படுவோரில் கருவி கிடைத்தவர்கள் ஒரு நாட்டில் 3 விழுக்காடு, இன்னொரு நாட்டில் 90. மூக்குக்கண்ணாடியும் இந்தக் கணக்கில் சேர்த்தி. ஆகவே இந்த மண்டபத்தில் பாதிப் பேர் பயனாளிகள்தான்!

நம் மலேசியாவுக்கு வருவோம். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பதிவுக்கு வழி செய்தது. ஆனால் பதிவது அவரவர் விருப்பம். 2019இன் தேசிய சுகாதார ஆய்வு, பார்வை, நடை, நினைவு போன்றவற்றில் உள்ள சிரமத்தை வைத்துக் கேட்டபோது, பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் மாற்றுத்திறனாளிகளாகத் தேறினார்கள். அப்போது பதிவேட்டில் இருந்தவர்கள் மக்கள்தொகையில் 2 விழுக்காடுகூட இல்லை. பதிந்தவர்களுக்குத் தரும் ஓகேயு அட்டைகளை மட்டும் எண்ணித் திட்டம் போட்டால் மிச்சப் பேர் எங்கே போவார்கள்?

சக்கர நாற்காலி வழங்கும் விழாக்கள் எனக்கு ஒவ்வாதவை. வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, கொடுத்த எண்ணிக்கையை அறிவிப்பார்கள். உட்காருபவரின் இடுப்பளவை யாரும் பார்ப்பதில்லை. அளவு பொருந்தாத நாற்காலி புண்ணைத்தான் தரும். பொருந்தினாலும் ஜார்ஜ் டவுன் ஐந்தடி நடைபாதையில் கடைக்குக் கடை படி, நடுவே மோட்டார் சைக்கிள். கொடுத்ததை எண்ணுவது எளிது. ஆறு மாதம் கழித்துப் போய், "இன்னும் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்பதே உண்மையான அளவீடு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குள் போனதும் மகனோ மருமகளோ முந்திக்கொண்டு, "அவங்களுக்கு ஒண்ணும் வேணாங்க" என்பார்கள். அதை எழுதிக்கொள்ளாதீர்கள். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்த்து, அவருக்குக் கேட்கும்படி அவரிடமே கேளுங்கள்.