கவனம் சிதறும் பிள்ளைகள்

(பொன்விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



கோயில் நிறைய விளக்குகள் எரியும் இந்த விழா நாட்களில், நம் வீட்டு மூலையில் பேச்சின்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

பத்தாம் வகுப்பு மகன் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறான். ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தும் ஒன்றும் மனத்தில் நிற்பதில்லை. பாடற்குழுவில் முன்னே நின்ற மகள் இப்போது வர மறுக்கிறாள். காரணம் கேட்டால் எரிந்து விழுகிறாள். நாம் உடனே என்ன சொல்கிறோம்? சோம்பல், திமிர், செல்போன் செய்யும் வேலை, செபம் குறைந்துவிட்டது! சில வேளைகளில் இவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மனச்சோர்வு என்னும் நோயும் காரணமாக இருக்கலாம் அல்லவா?

தேர்வில் தோற்ற பிள்ளை இரண்டு நாள் வருந்துவது நோயன்று. வாட்டமோ, எதிலும் நாட்டமின்மையோ ஏறக்குறைய அன்றாடம் இரண்டு வாரங்களுக்கு நீடித்து, தூக்கம், பசி, படிப்பு ஆகியவற்றையும் கெடுக்குமானால் மருத்துவரை நாடவேண்டும். இளம் பருவத்தில் இந்நோய் கண்ணீராக வராமல் எரிச்சலாகவும் வரும். கவனம் செலுத்த இயலாமையும் இதன் அறிகுறியே.

மூளையில் நடப்பதென்ன? நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை, கவனத்தை ஒன்றில் நிறுத்தி வேண்டாத எண்ணங்களை விலக்குகிறது. அது முழு வளர்ச்சியடைய 25 வயதை ஒட்டி ஆகிறது. அமிக்டலா என்னும் வாதுமை வடிவச் சிறு பகுதியோ, அச்சத்துக்கும் துயரத்துக்கும் விரைந்து விழித்துக்கொள்கிறது. மனச்சோர்வுற்ற இளையோரிடம் இவ்விரு பகுதிகளும் இணைந்து இயங்குவதில் வேறுபாடுகள் இருப்பதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் பல கண்டுள்ளன. தான் எதற்கும் உதவாதவன் என்ற நினைவையே மனம் செக்குமாடுபோல் சுற்றி வருகிறது. பாடத்துக்கு வேண்டிய கவனத்தை அந்தச் சுற்றல் தின்றுவிடுகிறது. கவனிக்க முடியாமல் தவிப்பவனைத்தான் நாம் கவனிக்க மறுப்பவன் என்று ஏசுகிறோம்.

ஆயினும் மூளையைப் படம் பிடித்து இந்நோயை உறுதிசெய்ய முடியாது. மருத்துவர் பிள்ளையோடு பேசி, அவன் சொல்வதைக் கேட்டுத்தான் அறிகிறார்.

அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கார்மேல் மலையில் வென்ற எலியா, பாலைநிலத்தில் சூரைச்செடியின் அடியில் சாவை வேண்டிப் படுத்துவிட்டார். அவரை விசுவாசம் இல்லாதவர் என்று யார் சொல்வோம்? ஆண்டவர் அவரைக் கடியவில்லை. தூங்கவிட்டார், வானதூதர் வழியாக இருமுறை அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். ஓரேபு மலையில் அவர் மனக்குறையைக் கேட்டறிந்த பிறகே வேலையை ஒப்படைத்தார்.

நாமும் இந்த ஒழுங்கைப் பின்பற்றுவோம். தூக்கத்தையும் உணவையும் முதலில் கவனிப்போம். மதிப்பெண் பேச்சு காத்திருக்கட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், இடைமறிக்காமல், அவன் சொல்வதைக் கேட்போம். பேய் பிடித்தது என்று ஊர் ஊராக அலையாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பேச்சுவழிச் சிகிச்சையாலும், தேவைப்படும்போது மருந்தாலும் பலர் தேறுகிறார்கள். செபமும் செய்வோம், மருத்துவரை மதிக்கச் சொல்வதும் நம் விவிலியத்தின் சீராக் நூல்தான்.

சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் அதை விளையாட்டாகக் கொள்ளலாகாது. அது பற்றி அன்போடு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவனைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுவோம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இன்றிரவு வீடு திரும்பியதும், "எவ்வளவு படித்தாய்?" என்பதற்கு முன்னே, "சாப்பிட்டாயா, எப்படி இருக்கிறாய்?" என்று கேட்போம். பதில் வரும்வரை அருகில் அமர்ந்திருப்போம். எலியாவைத் தாங்கிய இறைவன் நம் பிள்ளைகளையும் காத்தருள்வாராக.