ஊர் பேசும், சாட்சி சொல்லுமா?

(தலைப்பு: சிற்றூர்களில் துப்புத் துலங்காமல் கிடக்கும் கொலை வழக்குகளில் உண்மையை வெளியே கொண்டுவருவது பெரிதும் அறிவியலா? மனச்சாட்சியா? ‘மனச்சாட்சியே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! அறிவியல், அறிவியல் என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! எனக்குத் துணையாக இருக்கும் என் அணியினரே! அரங்கு நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் அடுப்பைத் தணித்து வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே! 

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் என்ன சொன்னார்கள்? “ஒரு முடி போதும், ஒரு சொட்டு எச்சில் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம்” என்றார்கள். நான் குடித்துக்கொண்டிருந்த காபி டம்ளரை மெல்லக் கீழே வைத்துவிட்டேன். (சிரிப்பு)

ஐயா, நான் தமிழ் வாத்தியார். எனக்கு ஆய்வுக்கூடம் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டிலும் வழக்கு நடக்கும். போன மாதம் பூந்தொட்டி உடைந்து கிடந்தது. கேட்டால் எல்லோரும் “எனக்குத் தெரியாது” என்கிறார்கள். ரேகை எடுத்தேனா? ரத்தம் எடுத்தேனா? இல்லை. கடைசிப் பெண் மெதுவாக வந்து, “அப்பா, அண்ணன் பந்து விளையாடினான்” என்று காதில் சொன்னாள். வழக்கு முடிந்தது. (கைதட்டல்)

(நடுவர்: அப்ப டாக்டர் பட்டமெல்லாம் எதுக்குங்க?)

அது கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்கு, ஐயா. (சிரிப்பு)

விளையாட்டு போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் அயோவா மாநிலம். அங்கே வில்லிஸ்கா என்று ஓர் ஊர். சுற்றிலும் வயல். அந்தக் காலத்தில் மொத்தமே ஏறத்தாழ 2,000 பேர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். 1912-ஆம் ஆண்டு ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் குழந்தைகள் விழா. ஒரு வியாபாரி, மனைவி, நான்கு பிள்ளைகள் போய்விட்டு வருகிறார்கள். பிள்ளைகளோடு தங்கிப் போகலாம் என்று வேறு இரண்டு சிறுமிகளும் கூட வருகிறார்கள். விடிந்தது. பக்கத்து வீட்டு அம்மா பார்க்கிறார். பிள்ளைகள் சத்தம் இல்லை. கதவைத் தட்டினால் பதில் இல்லை. உள்ளே எட்டுப் பேரும் கோடரியால் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். கோடரி அந்த வீட்டுக் கோடரிதான்.

செய்தி பரவியதும் ஊரே அந்த வீட்டுக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்தது. தடயமெல்லாம் காலடியில் போயிற்று. சரி, அதைக்கூட விடுங்கள். அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. வேடிக்கை இல்லை, வேதனை. ஊர் இரண்டாகப் பிளந்தது. ஒரு கூட்டம், “இது அந்தப் பெரிய மனிதரின் ஏற்பாடு” என்றது. அந்தப் பெரிய மனிதர் மாநில சட்டமன்ற மேலவை உறுப்பினராக இருந்தவர். செத்துப்போன வியாபாரிக்குத் தொழில் போட்டியாளர். இன்னொரு கூட்டம், “இல்லை, அந்த ஊர்சுற்றிப் போதகர்தான்” என்றது. போதகர் தானே செய்ததாக ஒரு வாக்குமூலமும் கொடுத்தார். பிறகு அதை மறுத்தார். 1917-இல் அவர்மீது இரண்டு முறை வழக்கு விசாரணை நடந்தது. முதல் முறை நடுவர் குழுவுக்குள்ளே ஒற்றுமை இல்லை. இரண்டாம் முறை விடுதலை. அவ்வளவுதான். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்த வீடு இப்போது பணம் கட்டி இரவு தங்கிப் பார்க்கிற சுற்றுலா இடமாகிவிட்டது.

எதிரணி நண்பர் உடனே எழுந்திருப்பார். “1912-இல் மரபணுச் சோதனை இருந்திருந்தால்...” என்பார். நியாயம். அன்றைக்கு அறிவியல் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அறிவியலே தேவைப்படாத ஒரு கொலையைப் பார்ப்போமா?

அதே அமெரிக்கா. மிசூரி மாநிலம். ஸ்கிட்மோர் என்று ஊர். 500 பேர்கூட இல்லாத ஊர். அங்கே ஓர் ஆள், கென் ரெக்ஸ் மக்கெல்ராய். ஊரையே மிரட்டி வைத்திருந்தவர். வழக்கு வரும், சாட்சி பயப்படும், இவர் தப்பிவிடுவார். கடைசியில் வயதான மளிகைக்கடைக்காரரைச் சுட்டார். தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். 1981 ஜூலை 10. பட்டப்பகல். கடைத்தெரு. தன் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மனைவி. துப்பாக்கி வெடிக்கிறது. ஒன்றல்ல, இரண்டு துப்பாக்கி. ஆள் அங்கேயே முடிந்தார். சுற்றி நின்றவர்கள் நாற்பது பேருக்கு மேல் என்று கணக்கு.

யார் சுட்டது? மனைவி ஒரு பெயரைச் சொன்னார். மற்றவர்கள்? “பார்க்கவில்லை.” “குனிந்துகொண்டேன்.” “தெரியாது.” உள்ளூர் போலீஸ் கேட்டது, மத்தியப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. கேட்டது. அதே பதில். ஒருவர்மீதும் குற்றப்பத்திரிகை இல்லை.

செத்தவர் உத்தமர் என்று நான் வாதாட வரவில்லை. சட்டம் கைவிட்ட ஊர் என்ன பாடு பட்டிருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தத் தெருவில் என்ன குறை? வெளிச்சம் இருந்தது. கண் இருந்தது. குண்டு இருந்தது. நாற்பது வாய் இருந்தது. திறக்கவில்லை! திறக்காத வாய்க்கு எந்த ஆய்வுக்கூடத்தில் சாவி இருக்கிறது? (கைதட்டல்)

இப்போது எதிரணி கொண்டுவந்த பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். மரபணு ரேகை. அது முதன்முதலாகக் கொலை வழக்கில் எங்கே பயன்பட்டது? இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில், நார்பரோ, எண்டர்பி, லிட்டில்தார்ப் என்ற கிராமங்களில். 1983 நவம்பரில் 15 வயதுப் பெண் ஒருத்தி ஊர் ஒற்றையடிப் பாதையில் கொல்லப்பட்டாள். மூன்று ஆண்டு கழித்து, 1986 ஜூலையில் இன்னொரு 15 வயதுப் பெண். பெயர் வேண்டாம் ஐயா. நம் வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தது. இரண்டாவது கொலையை நான்தான் செய்தேன் என்று அவனும் சொல்லிவிட்டான். அந்த நேரத்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற அறிஞர் 1984-இல் கண்டுபிடித்த முறை தயாராக இருந்தது. சோதித்தார். இரண்டு கொலையும் ஒரே ஆள் செய்தது. ஆனால் அந்த ஆள் இந்தப் பையன் இல்லை! பையன் விடுதலையானான். மரபணுவால் குற்றமற்றவன் என்று நிரூபிக்கப்பட்ட முதல் மனிதன் அவன்தான். அறிவியலுக்கு இந்த இடத்தில் நான் எழுந்து நின்று கும்பிடுகிறேன். நிரபராதியைக் காப்பாற்றியது அது. மறுக்கமாட்டேன்.

குற்றவாளியைப் பிடித்ததா? அங்கேதான் கதை இருக்கிறது. 1987-இல் சுற்றுவட்டார ஆண்களிடம் ரத்தம், எச்சில் கேட்டார்கள். ஏறத்தாழ 5,000 பேர் கொடுத்தார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. ஏன்? கொலைகாரன் கொடுக்கவே இல்லை! காலின் பிட்ச்ஃபோர்க் என்ற ரொட்டிக்கடைத் தொழிலாளி, தன் பாஸ்போர்ட்டில் கூட வேலை செய்தவனின் படத்தை ஒட்டி, அவனை அனுப்பி, தன் பெயரில் ரத்தம் கொடுக்க வைத்துவிட்டான். இயந்திரம் என்ன செய்யும்? கொடுத்த ரத்தத்தைப் பார்க்கும். கொடுத்தவன் யார் என்று அதற்குத் தெரியுமா?

அந்த ஆகஸ்டில் மதுக்கடையில் உட்கார்ந்து நண்பர்கள் அரட்டை அடிக்கிறார்கள். அந்த ஆள் உளறுகிறான்: “அவனுக்காக நான் போய் ரத்தம் கொடுத்தேன்.” கேட்டவர்கள் சிலர். அதில் ஒரு பெண், ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவர். வீட்டுக்குப் போனார். தூக்கம் வந்திருக்குமா? கூட வேலை செய்கிறவனைக் காட்டிக்கொடுப்பதா? தப்பாகப் போனால் நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? ஏதோ ஒரு வேளையில் அந்த அம்மா முடிவுக்கு வந்தார். போலீசிடம் சொன்னார். செப்டம்பரில் பிட்ச்ஃபோர்க் பிடிபட்டான். பிறகு எடுத்த ரத்தம் பொருந்தியது. 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை. 5,000 குப்பி ரத்தம் சொல்லாததை ஒரு பெண்ணின் ஒரு வாக்கியம் சொன்னது, நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

“கடைசியில் நிரூபித்தது ரத்தம்தானே?” என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. அதற்கு எங்கள் தமிழில் பதில் இருக்கிறது. பாண்டியன் அவையில் கண்ணகியின் வழக்கு. அரசி சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம். தடயம் என்றால் அது தடயம்! ஆனால் அந்த மாணிக்கம் சிலம்புக்குள்ளே எப்போதும்தானே இருந்தது? தானே எழுந்து அவைக்கு நடந்து வந்ததா? ஒருத்தி தலைவிரி கோலமாகச் சிலம்பைத் தூக்கிக்கொண்டு வந்து வாயைத் திறந்து கேட்டாள். அதன் பிறகுதான் மாணிக்கம் பேசியது. தடயம் சாட்சியாவது ஒரு மனிதர் துணிந்த பிறகுதான்.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் பேசாது என்று நான் சொல்லவில்லை. ஊர் நன்றாகப் பேசும்! வில்லிஸ்காவில் ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். அது வம்பு. வம்புக்கு விலை கிடையாது. பேசியவனுக்கு ஒன்றும் ஆகாது. சாட்சிக்கு விலை உண்டு. பெயர் சொல்லி, முகம் காட்டி, “நான் கேட்டேன், நான் பார்த்தேன்” என்று நிற்க வேண்டும். பெரிய நகரத்தில் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்கு மாறிப்போகலாம். சின்ன ஊரில் எங்கே போவது? அதே கிணறு, அதே கடை, அதே கோயில். பத்து ஆண்டு, இருபது ஆண்டு வழக்கு உறைந்து கிடப்பதற்குக் காரணம் இந்த ஒரு கூச்சம்தான்.

எனக்கு எப்படித் தெரியும்? ஐயா, என் கதையைச் சொல்கிறேன். கொலை இல்லை, சின்னத் திருட்டுதான். எனக்குப் பத்து வயசு. எங்க தெருவுல ஒரு வீட்டுல பித்தளை அண்டா காணாமப் போச்சு. அந்த வீட்டுல மாடு மேய்ச்ச பையன்மேல சந்தேகம். என் வயசுதான் அவனுக்கும். வேப்ப மரத்துல கட்டிவச்சு அடிச்சாங்க. எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். முந்தின ராத்திரி நான் பார்த்தேன். எங்களுக்கு ரொம்ப வேண்டிய வீட்டு ஆள். அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா கெட்டவங்க இல்ல. என் வாயைப் பொத்தினாங்க. “சும்மா இருடா. நாளைக்கு அவங்க மூஞ்சியில முழிக்க வேண்டாமா?”ன்னாங்க. நான் சும்மா இருந்துட்டேன். அந்தப் பையன் ரெண்டு நாள்ல ஊரைவிட்டே போயிட்டான். எங்கே போனான்னு யாருக்கும் தெரியாது.

இப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. அண்டா யார் வீட்டில் இருந்தாலும் போகட்டும். அடி வாங்கும்போது அந்தப் பையன் கூட்டத்தில் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை. அந்த வழக்கைத் திறக்க எந்த விஞ்ஞானியாலும் முடியாது. என்னால் முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. (அரங்கில் அமைதி)

ஆகவே நடுவர் அவர்களே, அறிவியல் வேண்டும். நிரபராதியைக் காக்க அது கட்டாயம் வேண்டும். ஆனால் ஊரடங்கிக் கிடக்கிற உண்மையின் கதவை முதலில் தட்டுவது ஒரு மனிதரின் மனச்சாட்சிதான். வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் பிள்ளை ஓடி வந்து, “அம்மா, நான் பார்த்தேன்” என்று சொன்னால், தயவுசெய்து வாயைப் பொத்தாதீர்கள். “என்னடா பார்த்தே?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

துலங்காத வழக்கைத் துலக்குவது பெரிதும் மனச்சாட்சியே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, அமர்கிறேன்.