ஒரே லயத்தில் இரண்டு பிள்ளைகள்
(தோட்ட மாதர் பிரிவுக் கூட்டத்தில் தலைவி ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேச மாட்டேன். என் வீட்டுக் கதையில் இருந்தே தொடங்குகிறேன்.

என் மகள் தோட்டப் பாடசாலையில் டீச்சர். என் மருமகள் மலையில் கொழுந்து பறிக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே வருடத்தில் பிள்ளை பிறந்தது. மகள் திரும்பப் பாடசாலைக்குப் போகும்போது அவள் பிள்ளை குப்புற விழுந்து, தலை நிமிர்த்திச் சிரித்தது. மருமகள் பிரட்டுக்குப் போகும்போது அவள் பிள்ளைக்குத் தலைகூட சரியாக நிற்கவில்லை. பத்து வாரக் குழந்தை அது. ஒரே லயம், ஒரே தண்ணிப் பீலி. ஆனால் இரண்டு சட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது? டீச்சர் அரசாங்க ஊழியர். அவருக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். சனி, ஞாயிறு, அரசாங்க விடுமுறை நாட்கள் இதில் சேராது. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 17 வாரம். விரும்பினால் அதற்கு மேல் 84 நாட்கள் அரைச் சம்பளத்திலும், இன்னும் 84 நாட்கள் சம்பளமில்லாமலும் எடுக்கலாம். பிள்ளையின் தகப்பன் அரசாங்க ஊழியர் என்றால் அவருக்கும் 3 நாட்கள் உண்டு.

நமக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். இதில் 12 வாரம். பிரசவத்துக்கு முன் 2, பின் 10. ஞாயிறும் போயாவும் அதற்குள்ளேயே கழிந்துவிடும். சட்டம் வகுத்த வீதம் சம்பளத்தின் ஏழில் ஆறு பங்கு. அதுவும் முந்திய ஒரு வருடத்தில் 150 நாட்கள் வேலை செய்திருந்தால்தான். நம்முடைய ஆண்களுக்குப் பிள்ளை பிறந்தால் ஒரு நாளும் இல்லை. பெரியாஸ்பத்திரிக்கு ஓடினால் அன்றைய பேர் போனதுதான்.

டீச்சருக்குக் கிடைப்பதைக் குறைக்கச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. அவர்களும் நம் பிள்ளைகள்தான். ஒரு காலத்தில் தோட்டப் பாடசாலையும் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தது. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகுதான் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அரசாங்க ஊழியரின் உரிமை வந்தது. ஆகவே, தோட்டத்துக்குள் இப்படி ஒரு உரிமை நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. பாடசாலை வாசல் வரைக்கும் வந்த உரிமை மலைக்கு ஏறவில்லை. அவ்வளவுதான்.

சட்டம் மாறாது என்றும் நினைக்காதீர்கள். முன்பு இரண்டு பிள்ளை இருந்தால் மூன்றாவது பிரசவத்துக்கு 6 வாரம்தான். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 12 வாரம். இது தெரியாமல், "மூணாவதுதானே" என்று தலை குனிந்து நிற்கிற அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்தது பால் கொடுக்கும் நேரம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் வேலை நேரத்தில் இரண்டு தடவை போகலாம். பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். மருமகளுக்குக் கொடுத்த மலையில் இருந்து பிள்ளைக்காம்பராவுக்கு நடக்கவே அரை மணி. பால் கட்டி, சட்டை நனைந்து, அழுதுகொண்டே நின்றாள். கங்காணி, "நேரத்துக்கு வராட்டி அரைப் பேர்தான்" என்றார். நாங்கள் ஏழு பெண்கள் ஒபிசுக்குப் போனோம். சண்டை போடவில்லை. துரையிடம், "பிள்ளைக்காம்பராவில் இருந்து அந்த மலைக்கு நீங்கள் ஒரு தடவை நடந்து பாருங்கள், ஐயா" என்றோம். அடுத்த கிழமையில் இருந்து பால் கொடுக்கும் தாய்மாருக்குக் கிட்டத்து மலை கிடைத்தது. ஒருத்தி போயிருந்தால் திட்டுதான் கிடைத்திருக்கும்.

இனி விபத்து. என் தம்பி கானில் விழுந்து கால் முறிந்தது. டிஸ்பென்சரிப் புத்தகத்தில் "கால் வலி" என்று மட்டும் எழுதியிருந்தது. வேலையில் விழுந்தான் என்பதற்கு ஒரு வரி இல்லை. மாதக் கணக்கில் வீட்டில் கிடந்தான். தங்கச்சியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்காகவே இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி, உச்சத் தொகையை 20 லட்சமாக உயர்த்தினார்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். குளவி கொட்டினாலும், கானில் விழுந்தாலும் அன்றே சொல்லிப் பதிய வைக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் சட்டம் இருந்தும் கைக்கு வராது.

ஆகவே இந்த மாதத்தில் இருந்து நாலு காரியம் செய்வோம்.

ஒன்று, பிள்ளை உண்டான பெண், வாயால் கங்காணியிடம் சொல்லி நிற்காமல், ஒபிசுக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். பிரதி ஒன்று தோட்டத் தலைவரிடம் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.

இரண்டு, சம்பளத் துண்டை அடுப்பில் போடாதீர்கள். 150 நாட்களுக்கு அதுதான் சாட்சி. மாதா மாதம் பேரை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் அந்த மாதமே கேளுங்கள்.

மூன்று, விபத்து என்றால் எந்த மலை, எத்தனை மணி, யார் பார்த்தார்கள் என்று எழுத வைத்து, சங்கத்துக்கும் சொல்லுங்கள்.

நான்கு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்துக்குச் சங்கத்தின் மூலம் முறைப்பாடு போவோம். தனியாகப் போக வேண்டியதில்லை.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பேச்சுவார்த்தையில் நாட்சம்பளத்தோடு இதையும் மேசையில் வையுங்கள். 84 நாளை வேலை நாளாக எண்ண வேண்டும். தகப்பனுக்கு 3 நாள் வேண்டும். மழையாலோ கொழுந்து இல்லாததாலோ தோட்டம் வேலை கொடுக்காத நாட்களை 150இல் சேர்க்க வேண்டும். பால் கொடுக்க நடக்கும் நேரத்தைத் தனியாகத் தர வேண்டும்.

என் இரண்டு பேரப்பிள்ளைகளும் இப்போது ஒரே வாசலில் விளையாடுகின்றன. எது டீச்சர் பிள்ளை, எது கொழுந்துக்காரி பிள்ளை என்று பார்த்தால் தெரியாது. பிறந்த அன்றும் தெரியாமல் இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறோம்.