நோட்டீஸ் யாருக்கு?

(சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



அச்சகம் நடத்துகிறவன் என்பதால், விழாவுக்கு நோட்டீஸ் போடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள்.

என்னிடம் வரும் நோட்டீஸ்களில் முக்கால் பக்கம் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. நாளும் நேரமும் இடமும் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். மேடையில் உட்காரப் போகிறவர் எப்படியும் வந்துவிடுவார். "நாம போனா மதிப்பாங்களா, பணம் கேப்பாங்களா?" என்று தயங்கி நிற்கிறானே, அந்தப் பழைய மாணவனுக்குத்தான் நோட்டீஸ். "கட்டணம் இல்லை, குடும்பத்தோடு வரலாம்" என்ற ஒரு வரி அவனைக் கூட்டி வந்துவிடும். கட்டணம் உண்டென்றால் எவ்வளவு என்று போட்டுவிடுங்கள். சொல்லாத தொகைதான் ஆளை அதிகம் பயமுறுத்தும்.

மாணவர்களுக்குச் சில தொழில் குறிப்புகள். ஏ4 தாளை இரண்டாக வெட்டினால் ஏ5. அந்த அளவே தாராளம். எழுத்துரு இரண்டுக்கு மேல் வேண்டாம். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து எடுக்காது, கறுப்பே போதும். தேதியையும் கிழமையையும் காலண்டரில் ஒத்துப் பாருங்கள். இறங்க வேண்டிய பஸ் ஸ்டாப்பை எழுதுங்கள். பிறகு சுவரில் ஒட்டி, நாலடி தள்ளி நின்று, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். என்றைக்கு, எங்கே, எத்தனை மணிக்கு என்று அவர் சட்டென்று சொல்லிவிட்டால் அச்சுக்குக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் செல்போன் திரையிலும் அப்படியே காட்டிப் பாருங்கள்.

அடுத்த சந்திப்பு நோட்டீஸில் இடம் பற்றாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு வரியை எடுத்துவிடாதீர்கள்.