எச்.ஐ.வி. நோயும் பஞ்சாயத்தின் கடமையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



கிணறு, பாதை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். ஊரார் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு பொருளைப் பற்றி இன்று பேச முன்வந்துள்ளோம். எச்.ஐ.வி. என்னும் நோய்க்கிருமியைப் பற்றியும், அதனை எதிர்த்து நம் மாநிலத்தில் அரும்பணி ஆற்றிய டாக்டர் சுநீதி சாலமன் அம்மையாரைப் பற்றியும் சில கூறுவோம்.

1986ஆம் ஆண்டில் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தார். இந்நோய் அயல்நாட்டு வியாதி, நம் நாட்டில் தலைகாட்டாது என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. அம்மையாரின் வழிகாட்டுதலில் நிர்மலா என்னும் மாணவி, பாலியல் தொழிலில் சிக்கியிருந்த பெண்களின் இரத்தத்தைச் சேகரித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அது சோதிக்கப்பட்டது. ஆறு பேரின் இரத்தத்தில் கிருமி இருப்பது தெரிய வந்தது. இந்தியாவில் இந்நோய் உண்டு என்பது முதன்முதலில் வெளிப்பட்டது அவ்வாறுதான்.

கண்டுபிடித்ததோடு அம்மையார் நின்றுவிடவில்லை. நோயாளியைத் தொடுவதற்கு மருத்துவத் துறையினரே அஞ்சிய நாட்களில், 1993இல், ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தைச் சென்னையில் நிறுவினார். நாடி வந்தோருக்குச் சிகிச்சையும் ஆறுதலும் அங்கே கிடைத்தன. கிருமியுடன் வாழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வரன் தேடித் தருவதற்கும் அவர் துணை நின்றார். அவரும் உடன் உழைத்தோரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தம்மிடம் வந்த பெண்களில் பெரும்பாலோர் கணவரையன்றிப் பிறரை அறியாத இல்லத்தரசியரே என்று காட்டியது. நோய் கண்டவரின் ஒழுக்கத்தை அளக்கத் துணிவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

இக்கிருமி, பிற நோய்களைத் தடுக்கும் இரத்த வெள்ளணுக்களை அழிக்கிறது. நாள்தோறும் மருந்து உண்டால் கிருமி பெருகுவது நின்றுவிடும். ஆயினும் அதன் வேர் உடலில் தங்கியே இருக்கும். களையெடுப்பதை இடையில் நிறுத்தினால் வயல் என்ன ஆகும் என்பது உழவர்களுக்குத் தெரியும். மருந்தை நிறுத்தினாலும் அவ்வாறே. மேலும், அம்மருந்துக்கு அடங்காத கிருமியும் தோன்றிவிடக் கூடும்.

மருந்தின் பயன் நோயாளியோடு முடிவதில்லை. ஒன்பது நாடுகளில், தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்த 1,763 இணையரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சென்னை நிலையமும் அதில் பங்கு கொண்டது. காலந்தாழ்த்தாது மருந்து தொடங்கினால், துணைவருக்கு நோய் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்ற முடிவு 2011இல் வெளியாயிற்று.

நம் நாட்டில் 2004 ஏப்ரல் முதல் அரசு இம்மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்த உடனே அனைவருக்கும் மருந்து உண்டு. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் இலவசமே.

அவ்வாறாயின் குறை எங்கே உள்ளது? ஊராரின் கண்ணுக்கு அஞ்சிப் பரிசோதனைக்குச் செல்லாதவர் உண்டு. அண்டை வீட்டார் அறிந்துவிடுவரோ என்று மாத்திரையை மறைத்து வைத்து, நாள் தவறவிடுவோரும் உண்டு. மருந்து இருந்தும் உயிர் போவது இங்கேதான்.

“ஊரைக் காக்க வேண்டுமானால், நோயாளி யார் என்று பஞ்சாயத்துக்குத் தெரிய வேண்டாமா?” என்று சிலர் கேட்கலாம். வேண்டியதில்லை என்பதே நம் விடை. பெயர் வெளிவரும் என்றால் ஒருவரும் பரிசோதனைக்கு வரமாட்டார். நோய் மறைந்திருந்து பரவும். இரகசியம் காப்பதே ஊரைக் காப்பதாகும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள சட்டமும், இசைவின்றிச் சோதிப்பதையும், நோய் நிலையை வெளியிடுவதையும், வேலை, கல்வி, சிகிச்சை ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது.

ஆகவே, உறுப்பினர்கள் செய்யத்தக்கன மூன்று. பாதுகாப்பற்ற உடலுறவு, சோதிக்கப்படாத இரத்தம், பிறர் பயன்படுத்திய ஊசி, தாயிடமிருந்து சேய்க்கு என்னும் வழிகளில் அன்றி, தொடுவதாலோ, உடன் உண்பதாலோ, கொசுக்கடியாலோ இந்நோய் பரவாது என்பதைக் கிராம சபையில் எடுத்துரையுங்கள். கருவுற்ற தாய்மார் அனைவரும் தொடக்கத்திலேயே பரிசோதனை செய்துகொள்ள ஊக்குவியுங்கள். தாய் மருந்து உண்டால் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பொதுக் குழாயிலோ பள்ளியிலோ எவரும் ஒதுக்கப்படாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

சுநீதி அம்மையார் 2015இல் மறைந்தார். 2017இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது. அறிஞர் ஆய்வகத்தில் தம் கடமையைச் செய்தார்; அரசு மருந்தைத் தருகிறது. அம்மருந்தை ஒருவர் அச்சமின்றித் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உண்ணும் நிலையை உண்டாக்குவது நம் பொறுப்பு. அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு காசும் ஒதுக்க வேண்டியதில்லை. நல்லெண்ணம் இருந்தால் போதும்.